ரெஸ்யூமே: யாருடைய யோசனையைக் கேட்பது?

படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் தம் ரெஸ்யூமேயைக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் காட்டினால், ஒரு பக்கத்துக்கு மேல் ஒரு வரிகூட ஓடக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லுகிறார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் மாமா, பாஸ்போர்ட் எண்ணும் மதமும் திருமண விவரமும் புகைப்படமும் இல்லாத காகிதத்தை அங்கே எவரும் கையில் எடுப்பதில்லை என்கிறார். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் அக்காள் அந்தப் புகைப்படத்தைக் கண்டதுமே பதறி, அதையும் பிறந்த தேதியையும் உடனே எடுத்துவிடச் சொல்லுகிறாள். ரெவின்யூ இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவோ, அடியில் உறுதிமொழியும் இடமும் தேதியும் கையெழுத்தும் இல்லாதது விண்ணப்பமே அல்ல என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். நால்வரும் அன்பினால் சொன்னவர்களே. ஆனால் நால்வர் சொல்லையும் தட்டமாட்டாமல் ஏற்று, ஒன்றை நீக்கி மற்றொன்றைச் சேர்த்து, மறுபடியும் நீக்கி, கடைசியில் எவருக்கும் பொருந்தாத மூன்று பக்கக் காகிதமொன்றைக் கண்ணில் பட்ட விளம்பரங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, பதில் வராமையால் மனம் தளர்ந்து, முடிவில் பணம் வாங்கிக்கொண்டு ரெஸ்யூமே செய்து கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றின் படியேறுகிற பிள்ளைகளை நான் ஓயாமல் பார்த்துவருகிறேன். அந்தப் படியை ஏறுவதற்கு முன் இதை ஒரு முறை படிக்கும்படி அவர்களையும், அவர்களுக்கு யோசனை சொல்லும் பெரியவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்த யோசனைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குக் காரணம் எவரும் பொய் சொல்வதன்று. அமெரிக்காவில் இனம், மதம், பால், வயது ஆகியவற்றைக் கொண்டு வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1964-லும் 1967-லும் இயற்றப்பட்டு அமலில் இருப்பதால், புகைப்படமும் பிறந்த தேதியும் தாங்கிவரும் காகிதம் அங்குள்ள நிர்வாகிக்குச் சங்கடத்தை உண்டாக்குகிறது. வளைகுடா முதலாளியோ ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே விசாவைப் பற்றியும் சேர்த்து யோசிக்க வேண்டியிருப்பதால் பாஸ்போர்ட் விவரத்தைக் கேட்கிறார். பெரியப்பாவின் காலத்தில் விண்ணப்பம் என்பது கோப்பில் சேர்ந்து, பின்னாளில் ஆதாரமாகப் புரட்டப்படும் ஓர் ஆவணம். கையெழுத்தில்லாத ஆவணத்துக்கு அங்கே மதிப்பில்லை. கல்லூரி அதிகாரியின் மனத்திலோ, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவரைச் சலித்தெடுக்க வரும் கம்பெனிகள் நிற்கின்றன. அவரவர் அறிந்த வாசகனைப் பொறுத்தமட்டில் அவரவர் யோசனை நியாயமானதே. ஆகையால், ‘இது சரியா, தவறா’ என்று கலங்குவதை விட்டு, ‘இது யார் வாசிப்பதற்காகச் சொல்லப்பட்ட யோசனை, நான் அனுப்பப்போவதை வாசிக்கப்போகிறவர் அவர்தாமா’ என்று கேட்கப் பழகினால், இந்த முரண்பாட்டில் பெரும்பகுதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

பெரிய கம்பெனிகளின் இணையவாசல் வழியே அனுப்பும் ரெஸ்யூமேயைப் பெரும்பாலும் முதலில் வாங்கிக்கொள்வது ஒரு மென்பொருள். அது காகிதத்தின் அழகைப் பாராது. எழுத்தைப் பிரித்தெடுத்து, பெயர் எது, படிப்பு எது, வேலை பார்த்த ஆண்டுகள் எவை என்று கட்டங்களில் நிரப்பிக்கொள்ள முயலும். இரண்டு பத்திகளாகப் பிரித்த வண்ண மாதிரிகளும், அட்டவணையில் அடைத்த விவரங்களும், திறமையைக் காட்டுவதாகப் போடப்படும் நட்சத்திரங்களும், படமாக ஒட்டப்பட்ட எழுத்துகளும் அதைக் குழப்பிவிடுகின்றன. இதைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. முடித்து வைத்த பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, கணினியிலுள்ள நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயரும் படிப்பும் வேலையும் வரிசை கெடாமல், எழுத்து சிதையாமல் அங்கே வந்து விழுந்தால் காகிதம் அநேகமாகச் சரியாகவே இருக்கிறது. இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் பின்னிக்கொண்டு வந்தாலோ, ஒன்றுமே வராமல் வெறுமையாக நின்றாலோ, மாதிரியை மாற்றுங்கள். ‘உங்கள் ரெஸ்யூமேயின் மதிப்பெண் நாற்பதுதான்’ என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்புமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். விளம்பரத்தில் கேட்கப்பட்ட திறமை உங்களிடம் உண்மையிலேயே இருந்தால், அதற்கு அவர்கள் வழங்கும் அதே சொல்லை உங்கள் காகிதத்திலும் இடுவது அவசியம். இல்லாத திறமையின் சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்துவைத்தால் மென்பொருளை ஏய்க்கலாம் என்ற உபதேசம் சில காலமாக உலவிவருகிறது, அதை அடியோடு மறந்துவிடுங்கள். நோட்பேடில் ஒட்டினால் கண்ணுக்கு மறைந்த அந்தச் சொற்களும் வெளிப்பட்டுவிடும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் அதைக் காண்பார்.

மென்பொருளைத் தாண்டிப்போனால் எச்.ஆர். பகுதியில் ஒருவர் வாசிக்கிறார். அவருக்கு அவகாசம் மிகக் குறைவு. அனுபவமில்லாதவருக்கு ஒரு பக்கமும், பத்தாண்டு உழைத்தவருக்கு இரண்டு பக்கமும் போதும் என்பது அவரை மனத்தில் கொண்டு சொல்லப்படுவது. கல்லூரி ஆசிரியர் பதவிக்கு ஆய்வுக் கட்டுரைகளையும் கருத்தரங்குகளையும் விரிவாகப் பட்டியலிட வேண்டுமாதலால் அங்கே பக்கக் கணக்குப் பொருந்தாது. ‘சவாலான சூழ்நிலையில் என் திறமையை வெளிப்படுத்த விழைகிறேன்’ என்னும் பொருளில் எல்லோரும் எழுதும் நோக்க வாக்கியத்தை எடுத்துவிட்டு, எந்தப் பதவிக்கு, எந்தப் படிப்போடும் பயிற்சியோடும் வருகிறீர்கள் என்பதை இரண்டு வரியில் சொன்னால் அவர் நன்றியோடு மேலே படிப்பார். கடைசி உறுதிமொழி இருந்தால் கெடுதல் இல்லை, இல்லாவிட்டாலும் தனியார் கம்பெனி எதுவும் அதற்காக ஒதுக்கிவிடுவதில்லை. ஆனால் உறுதிமொழி எழுதியபின் மேலே ஒரு பொய் இருக்குமானால், குற்றத்தின் கனம் கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் உள்ள சிறு ஸ்தாபனங்களின் நிலை வேறு. அங்கே ரெஸ்யூமே வாட்ஸ்அப்பில் போகிறது. முதலாளியோ மேலாளரோ தம் கைப்பேசியிலேயே திறந்து பார்க்கிறார். ‘ரெஸ்யூமே புதியது இறுதி 3’ என்று கோப்புக்குப் பெயரிட்டு அனுப்பினால் பத்துப் பேர் காகிதத்துக்கு இடையில் அது தொலைந்துபோகும். உங்கள் பெயரும் பதவியின் பெயரும் கோப்பின் பெயராக இருக்கட்டும். மெர்ச்சண்டைசரோ, கணக்கரோ, சி.என்.சி. ஆப்பரேட்டரோ, எந்த வேலையானாலும், எந்த ஊரில் தங்கியிருக்கிறீர்கள், ஷிப்டுக்கு வருவீர்களா, எந்த இயந்திரத்தில் அல்லது எந்தக் கணக்கு மென்பொருளில் பழகியவர், எப்போது சேர முடியும் என்ற நான்கு விஷயங்களைத்தான் அவர் தேடுகிறார். அவை முதல் திரையிலேயே தெரிய வேண்டும்.

அரசுப் பணிக்கு ரெஸ்யூமே எழுதவே வேண்டாம். தேர்வாணையம் தன் இணையப் படிவத்தில் கேட்பதை மட்டும், கேட்ட வரிசையிலேயே நிரப்ப வேண்டும். சாதிச் சான்றிதழும், பள்ளி கல்லூரிகளில் வாங்க வேண்டிய தமிழ்வழிக் கல்விச் சான்றிதழும் அங்கே உரிமையின் ஆதாரங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கிடைத்திருக்கிறது. அந்த விவரங்களையே தனியார் கம்பெனிக்கான ரெஸ்யூமேயிலும் கொண்டுவந்து, சாதி, மதம், தந்தையின் தொழில் என்று நிரப்புவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. வாசிப்பவர் மனத்தில் ஒரு பட்சபாதத்துக்கு வேண்டுமானால் அது இடம் கொடுக்கும்.

இனி, அனாவசியம் என்று சொல்லி நிறுத்திவிட முடியாத, ஆபத்து என்றே சொல்ல வேண்டிய ஒரு வழக்கத்துக்கு வருகிறேன். ஆதார் எண், பான் எண், பாஸ்போர்ட் எண், வீட்டின் முழு முகவரி, தாய் தந்தையர் பெயர், பிறந்த தேதி, அடியில் கையெழுத்து ஆகிய இத்தனையையும் ஒரே காகிதத்தில் வைத்து, முகமறியாத நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். பிறர் பெயரில் சிம் வாங்கவும் கடன் வாங்கவும் நினைக்கும் ஒரு வஞ்சகனுக்கு இதைவிட வசதியான காகிதம் வேறொன்று இருக்க முடியாது. ரெஸ்யூமேயில் பெயர், ஊர், ஒரு கைப்பேசி எண், ஒரு மின்னஞ்சல் முகவரி, இவை போதும். ஆதார் எண்ணைப் போடாதீர்கள். அடையாளச் சான்று கேட்கப்படும் கட்டம், உங்களைத் தேர்ந்தெடுத்து, கம்பெனியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்த பிறகே வருகிறது. அப்போதும், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கொடுக்க நேர்ந்தால், எந்தக் கம்பெனிக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மூலச் சான்றிதழை எவரிடமும் விட்டுவராதீர்கள். நேரில் காட்டலாம், ஒப்பிட்டுப் பார்த்தவுடன் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். டிஜிலாக்கரில் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு மூலத்துக்குச் சமமான மதிப்பைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் கொடுத்திருப்பதால், மதிப்பெண் சான்றிதழை அங்கே இணைத்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டுப் பெயர் வழக்கம் உண்டாக்கும் ஒரு சிக்கலை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பானில் தந்தையின் பெயர் விரிந்து முன்னால் நிற்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அது பின்னால் போன பெயர், கல்யாணமான பெண்களுக்குக் கணவர் பெயரின் எழுத்தோடு மற்றொரு பெயர் என்று ஒரே ஆள் நான்கு பேராக நிற்கிறார். ரெஸ்யூமேயில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள் என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் பின்னால் எல்லாச் சரிபார்ப்பும் அதிலிருந்தே தொடங்குகிறது. தலைப்பெழுத்து விரிவு மட்டுமே வித்தியாசமாயின், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் செய்த பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும். பெயரே மாறியிருந்தால் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் வழியே தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அந்த அரசிதழ் பக்கத்தைக் கொண்டு மற்றவற்றைத் திருத்த வேண்டும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு ஒவ்வாவிட்டால், உறுப்பினரும் முதலாளியும் சேர்ந்து அளிக்கும் கூட்டு உறுதிமொழியின் மூலம் சரிசெய்யலாம். ஆஃபர் கைக்கு வந்தபின் இதற்கெல்லாம் ஓடினால் சேரும் தேதி கடந்துபோகும். வேலை தேடத் தொடங்கும்போதே செய்துவிட வேண்டிய காரியம் இது.

முரண்பட்ட யோசனைகளுக்குள்ளே, வாசகன் யாராயிருந்தாலும் கேட்கக்கூடாத யோசனை ஒன்று உண்டு. ‘அனுபவம் இல்லாவிட்டால் எவனும் கூப்பிடமாட்டான், இரண்டு வருஷம் போட்டுக்கொள், காகிதம் நாங்கள் தருகிறோம்’ என்பதுதான் அது. பெயர்ப்பலகை மட்டும் உள்ள ஏதோ ஒரு கம்பெனியின் அனுபவச் சான்றிதழும் பேஸ்லிப்பும் விலைக்கு விற்கும் கன்சல்டன்சிகள் சென்னையிலும் பெங்களூரிலும் பெருகிக் கிடப்பதும், கண்டிக்க வேண்டிய அதிகாரிகள் ஒரு பெருங்குற்றம் செய்தித்தாளில் வரும் வரையில் அசையாமல் இருப்பதும் என் பொறுமையைச் சோதிக்கின்றன. இதில் அகப்பட்டவர்களின் கதியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் சேர்த்துக்கொண்ட பிறகும் பின்னணிச் சரிபார்ப்புக்கென்று தனி ஸ்தாபனங்களை அமர்த்துகின்றன. 2022 நவம்பரில் அக்செஞ்சர் கம்பெனி, இல்லாத நிறுவனங்களின் ஆவணங்களையும் அனுபவச் சான்றுகளையும் காட்டி இந்தியாவில் வேலை பெற்றவர்களை நீக்கியதாகப் பகிரங்கமாகவே அறிவித்தது. வைப்பு நிதியின் யு.ஏ.என். எண் 2014 முதல் ஒரு தொழிலாளிக்கு ஒன்றே என்று ஆகிவிட்டதால், எந்த ஸ்தாபனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர், எப்போது விலகினீர் என்பது பணி வரலாறாக அங்கே நிற்கிறது. காகிதத்தில் எழுதிய இரண்டு வருஷம் அங்கே இல்லையென்றால் கேள்வி எழும். பொய்யான ஆவணத்தை மெய்யென்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆம் பிரிவின்படி குற்றம். ஏமாற்றும் நோக்கத்தோடு ஆவணம் புனைவதற்கு 336-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை சொல்லுகிறது. விற்றவன் கடையை மூடிக்கொண்டு போய்விடுவான். கையெழுத்திட்டுக் கொடுத்தவர் நீங்கள். பொய்யான அனுபவத்தை எழுதாதீர்கள். சம்பளத்தையும் கூட்டிச் சொல்லாதீர்கள். பேஸ்லிப்பும் வங்கிக் கணக்கும் படிவம் 16-ம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படிப்பில் விழுந்த அரியரையும், இடையில் விட்டுப்போன ஆண்டுகளையும் மறைக்கும்படி சொல்லும் யோசனையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பட்டம் உண்மையில் முடிந்த ஆண்டையே எழுதுங்கள். மூன்றாண்டு தேர்வாணையத்தின் குரூப் தேர்வுக்குப் படித்தீர்களாயின், குழந்தை வளர்ப்புக்காகவோ நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்காகவோ வேலையை விட்டீர்களாயின், ஆண்டுகளைக் குறித்து ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அப்படி விட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நேர்முகத்தில் அதைக் கேட்பவர் வீட்டிலும் ஒருவர் இருப்பார். மறைத்துவைத்து, கேட்கும்போது தடுமாறுவதே கெடுதல் செய்கிறது.

அனுபவமே இல்லாதவர்களுக்கு அனுபவத்தைச் சட்டபூர்வமாகச் சம்பாதிக்க வழி இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரிகிறது? 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், பட்டதாரிகளும் டிப்ளமா முடித்தவர்களும் தொழிற்சாலைகளிலும் பொதுத்துறை ஸ்தாபனங்களிலும் ஓராண்டு உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். தென்மாநிலங்களுக்கு இதை நிர்வகிக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு, வாய்ப்புள்ள ஸ்தாபனங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் இதே சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. முடிவில் கிடைக்கும் சான்றிதழை எந்தச் சரிபார்ப்பிலும் தலைநிமிர்ந்து காட்டலாம். கன்சல்டன்சிக்குக் கொடுக்கக் கடன் வாங்கும் பெற்றோர், அதற்கு முன் இந்த வாரியத்தின் பதிவை ஒரு தடவை செய்து பார்க்கக் கூடாதா?

உண்மையிலேயே உழைத்துவிட்டு, அனுபவச் சான்றிதழ் கிடைக்காமல் அல்லலுறுபவர்கள் வேறு வகையினர். முதலாளி கோபித்துக்கொண்டு ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தடிக்கும்போது, அந்த ஆண்டுகளையே ரெஸ்யூமேயிலிருந்து நீக்கிவிடும்படி சிலர் யோசனை சொல்லுகிறார்கள். அது வேண்டாத தியாகம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பணியாளர் எண் ஆகியவற்றைக் குறித்து, சான்றிதழ் வேண்டும் என்று மின்னஞ்சலிலும், ஒப்புகைச் சீட்டோடு கூடிய ஸ்பீடு போஸ்ட் தபாலிலும் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் கெஞ்சியதற்குச் சாட்சியம் இல்லை. தராமல் போனால், பணிநியமன உத்தரவு, கடைசி மூன்று மாதப் பேஸ்லிப், சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் பக்கங்கள், படிவம் 16, வைப்பு நிதி இணையதளத்தில் எடுத்த பணி வரலாறு ஆகியவற்றை ஒரு கோப்பாகக் கட்டி, நீங்கள் எழுதிக் கேட்ட கடிதத்தின் நகலையும் வைத்துக் கொடுத்தால், நியாயமான எந்தக் கம்பெனியும் அதைப் பரிசீலிக்கும். வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியை முதலாளி குறிக்காமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டப்பட்ட மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் இணையவாசலுக்குள் நீங்களே குறித்துக்கொள்ளலாம். அதிலும் தடங்கல் வந்தால் வைப்பு நிதி அமைப்பின் குறைதீர்க்கும் இணையதளத்தில் புகார் பதியுங்கள். மாவட்டந்தோறும் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதியை ஒட்டி நடக்கும் வைப்பு நிதிக் குறைதீர்க்கும் முகாமுக்கும் நேரில் போகலாம். இது எல்லாவற்றுக்கும் அடிப்படை பணிநியமன உத்தரவு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பணியாளருக்கும் நியமன உத்தரவு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். விலகும்போது நினைத்துக்கொண்டு பயனில்லை.

யோசனை கேட்க நம்பகமான இடம் எது என்று வினவுபவர்களுக்கு, ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தையே முதலில் சொல்லுவேன். மூன்றாண்டுக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்கும் இடம் என்று மட்டுமே அதை அறிந்தவர்கள்தாம் அதிகம். புதுப்பிக்கவும் மறந்து பதிவுமூப்பை இழப்பவர்கள் அதைவிட அதிகம். அங்கே தொழில்நெறி வழிகாட்டுதலும் உண்டு, தனியார் கம்பெனிகளை வரவழைக்கும் சிறு முகாம்களும் பெரும்பாலான மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கின்றன, எதற்கும் கட்டணம் இல்லை. கவுன்ட்டரில் இருப்பவர்கள் சில சமயம் ‘இணையத்தில் பாருங்கள்’ என்று கைகாட்டி அனுப்பிவிடுகிறார்கள். வழிகாட்டுவதற்கென்றே பெயர் வைத்த அலுவலகத்தில் அப்படிச் சொல்வது தகாது. நீங்கள் திரும்பிவிடாமல், தொழில்நெறி வழிகாட்டும் அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது ரெஸ்யூமேயின் இரண்டு பிரதிகள், விண்ணப்பிக்க நினைக்கும் மூன்று விளம்பரங்களின் அச்சுப்பிரதி, சான்றிதழ்களின் நகல், வேலைவாய்ப்புப் பதிவு அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விளம்பரத்தைக் காட்டிக் கேட்டால்தான் யோசனை அந்த விளம்பரத்துக்குப் பொருந்தியதாக வரும். தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்திலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையத்திலும் பதிவு இலவசம். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளை வருகைப்பதிவுக்காக உட்கார்ந்திருக்கும் வகுப்பாகக் கருதாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு மேல், நீங்கள் விரும்பும் அதே வேலையில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சேர்ந்த ஒருவரிடம் கேட்பது பத்துப் பெரியவர்களைக் கேட்பதைவிட மேலானது, ஏனெனில் உங்கள் வாசகனை அவர் அண்மையில் கண்டவர்.

பணம் கொடுத்துத்தான் எழுதிக்கொள்வேன் என்று துணிந்தவர்கள், என்ன கிடைக்கும், எத்தனை திருத்தம், எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்கி, ரசீதோடு கட்டட்டும். வாக்களித்ததைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும் உரிமை உண்டு.

ஆனால் எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், ‘உங்கள் ரெஸ்யூமே தேர்வாகிவிட்டது, பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம் கட்டுங்கள்’ என்று கேட்பவன் நுகர்வோர் ஆணையத்துக்குரியவன் அல்லன்; அவன் போலீசுக்குரியவன். முறையாக ஆளெடுக்கும் எந்தக் கம்பெனியும் வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்பதில்லை. பணம் கட்டாதீர்கள், எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். வெளிநாட்டு வேலையானால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தானா என்பதை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பெயரிட்டுத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கக்கூடாது, வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். தமிழக அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இதற்கென்றே இருக்கிறது.

பணம் போய்விட்டதாயின், வெட்கத்தினால் வீட்டில் மறைத்து நாளைக் கழிப்பதுதான் மிகப் பெரிய நஷ்டத்தை உண்டாக்குகிறது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போகுமுன் முடக்கப்பட வேண்டுமாதலால் முதல் சில மணி நேரமே முக்கியம். பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், பெற்றவரின் யு.பி.ஐ. முகவரி அல்லது கணக்கு எண், உங்கள் வங்கியின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழு விவரத்தையும் பதிந்து, வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் படமெடுத்து, போலி ஆஃபர் லெட்டரையும் சேர்த்துக் கொடுங்கள். நேரில் பணம் கொடுத்திருந்தால் அந்தக் கன்சல்டன்சி இருக்கும் எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘இது எங்கள் எல்லையல்ல’ என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் போலீசாருக்கு இப்போது இடமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்துகொள்ளச் சொல்லுகிறது. அப்படியும் மறுத்தால், அதே பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி புகாரின் பிரதியை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். மாநகரமானால் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். தபாலின் ஒப்புகைச் சீட்டையும் சி.எஸ்.ஆர். நகலையும் சான்றிதழ்கள் உள்ள அதே கோப்பில் வையுங்கள். நடுவர் முன் முதலில் கேட்கப்படுவது அவைதாம்.